தலைவிதியல்ல தோழர்களே, கணக்கு!

தெருவிலே தண்ணீர் ஓடுகிறது. வீட்டிலே குடம் காய்கிறது. கேட்டால், "குழாய் உடைந்துவிட்டது, என்ன செய்வது?" என்று கைவிரிக்கிறார்கள். திருத்தணியானாலும் திருச்சியானாலும் இதே பதில்தான். அடிபட்ட மக்களோ, "நம் தலைவிதி" என்கிறார்கள். விதியா? இல்லை, தோழர்களே, இல்லை!

ஈர மண்ணில் இரும்பு அரிக்கிறது. விட்டுவிட்டு நீர் விடுவதால் அழுத்தம் ஏறி இறங்கி மூட்டுகள் தளர்கின்றன. மலைச்சரிவு ஊரிலே பள்ளத்துக் குழாய்க்குப் பாரம் அதிகம். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. நீர் நின்ற வேளையில் விரிசல் வழியே சாக்கடை உள்ளே புகுகிறது. காமாலைக்கு வழி அதுதான்!

1979-இல் ஷமீர், ஹோவர்டு என்ற இரு பொறியாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்: வயதான குழாயின் உடைப்பு, கந்துவட்டிக்காரனின் கடன்போல, வட்டிக்கு வட்டியாய்ப் பெருகுகிறது. ஒட்டுப்போடும் செலவு ஏறிக்கொண்டே போகும். எந்த ஆண்டில் புதுக் குழாய் பதிப்பது மலிவு என்பதை முன்கூட்டியே அறியலாம்.

இது சோதிடமா? அல்ல. இன்ன நாளில் இன்ன குழாய் உடையும் என்று இக்கணக்கு கூறாது. நூற்றில் எந்தப் பத்துக்கு ஆபத்து அதிகம் என்று கூறும். ஆயுள் இன்சூரன்சுக்காரன் போடும் கணக்கும் இதுதானே?

இதற்கு வேண்டியது என்ன? முதலில் ஒரு பதிவேடு! உடைந்த நாள், தெரு, குழாயின் வகை, விட்டம், பதித்த ஆண்டு, உடைந்த காரணம் என அத்தனையும் அதில் ஏறவேண்டும். பதிவேடு இல்லாத ஊரில், செல்வாக்குள்ளவன் தெருவுக்குப் புதுக்குழாய். உழைப்பவன் தெருவுக்கு ஒட்டுக்குழாய்!

பதிவேடு இருந்தும் ஏமாறலாம், எச்சரிக்கை! மாளிகைக்காரன் புகார் ஏட்டில் ஏறும். கூலிக்காரன் புகார் காற்றில் போகும். எழுதப்படாத உடைப்பு, கணக்கிலே இல்லாத உடைப்பு. "அந்தத் தெருவில் குழாய் நன்றாயிருக்கிறது" என்று அதே கணக்கு நம்மீது பொய் சொல்லும். ஆகவே, நம் தெருவின் ஒவ்வோர் உடைப்பையும் எழுதவைப்பது கிளைக்கழகத் தோழர்களின் கடமை. எழுதியதற்குச் சீட்டு வாங்குவதும் கடமை.

போராடி, 1960 ஏப்ரல் 1-இல் தமிழகத்தோடு இணைந்த ஊர் திருத்தணி. எல்லைக்கோட்டையே கேட்டு வாங்கிய ஊர், ஒரு பதிவேட்டைக் கேட்டு வாங்க முடியாதா?