எந்தத் தோட்டா யானையை நிறுத்தும்?

காணிக்குத் திரும்பிய குடும்பங்களோடு உட்கார்ந்தால், விதைநெல், கிணறு என்று தொடங்கும் பேச்சு ஈற்றில் யானையில் வந்து நிற்கிறது. நாம் அலைந்து திரிந்த ஆண்டுகளில் வயல் பற்றைக்காடாகி யானைக்கு மேய்ச்சல் தரையாயிற்று. பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்பவரிடம் அயலவர் கேட்பது ஒன்றுதான்: “எந்தத் தோட்டா போட்டால் நிற்கும்?”

எங்கள் எண்ணத்தில் அந்தக் கேள்வியே பிழை. அலாஸ்காவில் காட்டுக்குள் போவோர் கரடிக்குப் பயந்து கைத்துப்பாக்கி கொண்டு செல்வதுண்டு. பட்டதும் விரியும் குண்டை விட்டு, விரியாமல் ஆழ ஊடுருவும் கடின ஈயக் குண்டையே பலர் தெரிகிறார்கள். அது சில நூறு கிலோ நிறையுள்ள கரடிக்கு. நம் யானையோ மூன்று, நான்கு தொன். தோல் ஒரு விரற்கடை தடிப்பு. மண்டையோடு தேன்வதை போலக் காற்றறைகள் நிறைந்தது. மூளை அதற்குள் எங்கோ பின்னால் கிடக்கிறது. நம்மவர் துவக்கின் சன்னங்களோ சிதறிப் போகிறவை. இருட்டில், கை நடுங்கச் சுட்டால் அவை தோலில் புதைந்து சீழ் கட்டும். அந்த நோவோடு அது மீண்டும் வரும். அன்று அதன் முன்னே அகப்படுபவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம். இடியன் துவக்கு சுட்டவர் முகத்திலேயே வெடிக்கக் கூடியது. பன்றிவெடியைக் கடித்த யானைக்கன்று வாய் சிதைந்து பட்டினியாற் சாகிறது. நம் மாடும் அதைக் கடிக்கும்.

2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். இத்தனை வெடிக்குப் பிறகும் எந்த வயல் காப்பாற்றப்பட்டது?

நாம் கேட்க வேண்டியது வேலி. அதுவும் காட்டெல்லையில் அல்ல. அங்கே போட்டால் வேலிக்கு இருபுறமும் யானை நிற்கிறது. ஊரைச் சுற்றி நிரந்தர வேலியும், வயலைச் சுற்றி அறுவடை முடிந்ததும் கழற்றும் வேலியும் வேண்டும். கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இல் தயாரித்த தேசிய செயற்திட்டமும் இதையே சொல்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது வேலியல்ல, கொலை. விட்டு விட்டுத் துடிக்கும் மின்னை அனுப்பும் கருவிதான் தேவை.

வேலியிலும் ஒரு தொல்லை உண்டு. கம்பியில் புல் முட்டினால் மின் நிலத்துக்கு இறங்கிவிடும். எந்த வீட்டார் எந்தத் துண்டில் புல் வெட்டுவது என்பதைக் காலபோக விதைப்புக்கு முன்னரே ஊர் கூடிப் பேசிக்கொள்ள வேண்டும். ஆண் துணையில்லாத வீடுகளின் துண்டை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து.