பேர்ச்சஸ் கணக்குப் போதுமா?

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதையுண்டன. இயற்கையின் சீற்றமென்று கூறிப் பழியை மலைமேற் போட்டுவிட நாம் சம்மதியோம். அது சரியும் நிலமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். போவதற்கு வேறு நிலம் கொடுத்தவர் யார்? மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல்தான்! 2025 நவம்பரில் டித்வா புயல்மழையிலும் பதுளை மலைகள் சரிந்தன.

ஏழு பேர்ச்சஸா, பத்துப் பேர்ச்சஸா என்றே மேடைகள் முழங்குகின்றன. அதனடியில் என்ன மண் என்று பேசுவாரைக் காணோம்.

பண்டாரவளையிலே காணி தேடும் ஆசிரியரும் உத்தியோகத்தருங்கூட இதைக் கேட்பாராக. சாய்ந்த மரம், வெடித்த தரை, புதிதாய்க் கசியும் கலங்கல் ஊற்று இவற்றைக் கண்டும் மலிவென்று வாங்கினால், மிஞ்சிய பணமெல்லாம் தாங்குசுவருக்கும் வடிகாலுக்கும் போய்க் கடனும் சேரும். நிறுவனத்தின் சிபாரிசை முன்னரே பெறுக. உறுதி எழுதியபின் பெறுவது கண்கெட்டபின் சூரிய நமஸ்காரம்.

அவர்களுக்காவது வேண்டாமென்று சொல்லும் உரிமையுண்டு. தேயிலைக்கும் உதவாச் சரிவைக் காட்டி, இங்கே கட்டிக்கொள் என்றால் தொழிலாளி எங்கே போவான்? மண்ணறிக்கை தமிழில் அவன் கையிற் தரப்படல் வேண்டும். தாங்குசுவரின் செலவும் வீட்டு மதிப்பீட்டிற் சேர்தல் வேண்டும். பணமில்லை என்பார்களா? மீரியபெத்தையில் மண்ணைத் தோண்டிப் பிணம் தேட மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?