நேர்ச்சையும் மருந்தும்: நாம் யாரை நம்புகிறோம்?

ஜூன் மாதம் பிறந்ததும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து மக்கள் பலர் சின்னசேலத்தை அடுத்த மேல்நாரியப்பனூர் புனித அந்தோணியார் திருத்தலத்தை நோக்கித் திரள்கின்றனர். 13ஆம் நாள் திருவிழாவை முன்னிட்டு, வழக்கமாக அங்கு நில்லாத இரயில்களும் நின்று செல்வதுண்டு. அதற்கடுத்த வாரங்களில், நேர்ச்சையை நிறைவேற்றி மழித்த தலையோடு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரைக் காண்கிறோம். அவர்களது நம்பிக்கையை மதிக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியை அவர்களோடு சேர்ந்து எங்களிடமும் கேட்டுக்கொள்கிறோம்: நாம் நம்புவது இறைவனையா, நம்மையேவா?

கோடி அற்புதர் என்று நாம் அழைக்கும் அந்தோணியாரின் வாழ்வே இதற்கு நல்ல பாடம். லிஸ்பன் நகரில் பிறந்த அவர், மறைசாட்சியாக உயிர் துறக்க விரும்பி மொராக்கோவுக்குச் சென்றார். அங்கே கடும் நோயில் வீழ்ந்தார். தாயகம் திரும்பப் புறப்பட்டபோது அவரது கப்பலைப் புயல் சிசிலித் தீவுக்கு அடித்துச் சென்றது. தாம் வகுத்த வழிகள் அடைபட்ட பின்னரே அவர் இத்தாலியில் பெரும் மறையுரையாளரானார். 1231இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே, பதுவை நகரருகே இறந்தார். அவரது பெரும்பணி, நோய் அவரது விருப்பத்தை மறித்த இடத்திலிருந்தே தொடங்கியது.

நீரிழிவால் காலில் புண்ணோடு வந்த ஒருவர், "நேர்ச்சை வைத்த நாளிலிருந்து இன்சுலினை நிறுத்திவிட்டேன் ஐயா, ஆண்டவர்மேல் அவ்வளவு நம்பிக்கை" என்றார். அவரது கால்விரல் ஒன்றை அகற்ற வேண்டியதாயிற்று. அவர் நம்பியது ஆண்டவரைவிடத் தம் தீர்மானத்தையே என்று எண்ணுகிறோம். இன்ன நாளில், இன்ன வழியில் குணமாக்க வேண்டுமென்று இறைவனுக்கு நாமே குறித்துக் கொடுப்பது மன்றாட்டு அன்று, கட்டளை. மருத்துவரையும் மண்ணில் விளையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நோயுற்றவர் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

இதே பிழைக்கு மற்றொரு முகமும் உண்டு. கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில், இரவில் தரையில் உறங்கிய சிறுவனைக் கட்டுவிரியன் தீண்டியது. இமைகள் சரிந்து மூச்சுத் தசைகள் தளர்ந்த நிலையில் அவனைக் கொண்டுவந்தனர். நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் அளித்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவன் தாய், "என் செபத்தில் குறை இருந்ததோ?" என்று அழுதபடி இருந்தார். "அம்மா, பிள்ளையின் உயிர் உங்கள் செபத்தின் வலிமையில் தொங்கவில்லை, அச்சுமையை நீங்கள் சுமக்க வேண்டாம்" என்றோம். சிறுவன் பிழைத்தான். பிழையாதிருந்தாலும் எங்கள் சொல் மாறியிராது. செபத்தின் வலிமையை அளந்து பார்ப்பதும் தன்னையே நம்புவதன் மற்றொரு வடிவம். அது துயருற்ற குடும்பத்தின்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவிடுகிறது.

மருத்துவராகிய எங்களுக்கும் இது பொருந்தும். நஞ்சுமுறியின் அளவை அறிவோம். தளர்ந்த மூச்சு எந்த இரவில் திரும்பும் என்பதை அறியோம். தன்னை மட்டும் நம்பும் மருத்துவர் சக மருத்துவரிடம் கருத்துக் கேட்கத் தயங்குவார். தயக்கத்தின் விலையை நோயாளி கொடுப்பார். மேற்சொன்ன அதிகாரம் மருத்துவரும் மன்றாடுவர் என்பதை நினைவூட்டுகிறது.

ஆகவே நேர்ச்சை செய்யுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். உபவாசமோ நடைப்பயணமோ மேற்கொள்வதானால் முன்னதாக எங்களிடம் சொல்லுங்கள்; மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப அமைத்துத் தருவோம். நோயில்பூசுதல் இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு மட்டுமான அருளடையாளம் அன்று. கடும் நோயுற்றோரும் பெரிய அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போரும் பெறலாம். கடைசி நேரம்வரை காத்திராமல் அருள்தந்தையை அழையுங்கள்.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் விருப்பத்தை மறைக்காமல் தந்தையிடம் சொன்னார். பின்பு முடிவைத் தந்தையின் கையில் விட்டார். நோயுற்ற நாமும் அவ்வாறே கேட்போம், கேட்டபின் ஒப்புக்கொடுப்போம். ஒப்புக்கொடுத்த கையாலேயே வேளை தவறாமல் மாத்திரையையும் எடுத்துக்கொள்வோம்.