வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மூளை போதும்!



நம்ம சுவர்ப் பத்திரிகையில் மரம் வளர்ப்பு, மழைநீர் சேமிப்பு, நேரத்தின் அருமை என்று நிறைய எழுதிட்டோம். இந்தத் தடவை நான் எழுதப்போவது கம்ப்யூட்டர் பிராசஸர் பற்றி. "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிரிக்காதீங்க. இது நம்ம வீட்டுக் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க இருக்காங்க. புது வீடு கட்டும் முன்னாடியே அது எப்படி இருக்கும்னு எலிவேஷன் படம் போட்டுக் காட்டுறவங்க இருக்காங்க. பக்கத்தில் சிவகாசியில் காலண்டர், லேபிள் டிசைன் வேலை இருக்கு. அதனால் படிச்சு முடிச்ச அண்ணன்மார் பல பேர் "வீட்லயே ஒரு கம்ப்யூட்டர் போட்டா தொழில் பண்ணலாம்" என்கிறார்கள். பகலில் வேலை, ராத்திரி கேம். எங்க வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்குது. ஆனால் காசு எங்கிருந்து வருது? அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிச் சேர்த்த காசு, மகளிர் குழுக் கடன், சீட்டுப் பணம். மானாவாரிப் பூமியில் மழையை நம்பி வாழுறவங்களுக்கு இந்தக் காசு ஒரு தடவைதான் கையில் சேரும்.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற வீடுகளுக்கு 16 கோர் பிராசஸர் வேண்டாம். விளையாட்டுக்கென்றே வருகிற விலை உயர்ந்த பிராசஸரும் வேண்டாம். 8 கோர் உள்ள, 65 வாட் வகை நடுத்தர பிராசஸர் ஒன்று போதும். மிச்சக் காசைக் கிராபிக்ஸ் கார்டு, ரேம், யுபிஎஸ் இந்த மூன்றிலும் போட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ரெண்டரிங் என்றால் என்ன? 2014-ல் வந்த கோச்சடையான் படம் ஞாபகம் இருக்கும். நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய படம். உருவம், வெளிச்சம், நிழல் எல்லாத்தையும் கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்கிற வேலைதான் ரெண்டரிங். ஒரு விநாடிக்கு 24 படம். ஒரு நிமிடத்துக்கு 1440 படம். ஒரு படத்துக்கு 2 நிமிடம் ஆனால் மொத்தம் 2880 நிமிடம், அதாவது 48 மணி நேரம்! ஒரு நிமிடக் காட்சிக்கு ரெண்டு நாள்.

விளையாட்டு அப்படி இல்லை. விநாடிக்கு 60 படம் வேண்டும் என்றால் ஒரு படத்தை முடிக்க விநாடியில் அறுபதில் ஒரு பங்குதான் நேரம். ரெண்டரிங் காத்திருக்கும், கேம் காத்திருக்காது. இதுதான் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

பிராசஸருக்குள் இருக்கிற கோர்களை வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும்போது ஒவ்வொருத்தர் முன்னாடியும் அவங்கவங்க கட்டை. பக்கத்து ஆளைக் கேட்டு அடுக்க வேண்டியதில்லை. 8 பேர் செய்ததை 16 பேர் செய்தால் ஏறக்குறைய பாதி நேரத்தில் முடியும். ரெண்டரிங் இப்படித்தான். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கோர்கள் பங்கு போட்டுக்கொள்ளும்.

கேம் என்பது மாட்டு வண்டிப் பந்தயம் மாதிரி. வண்டியில் பத்து மாடு கட்டினால் ஜெயிக்க முடியுமா? வேகமான ஒரு சோடி போதும். கேமில் ஒரு கணக்கு முடிந்தால்தான் அடுத்த கணக்கு. அதனால் சில கோர்களாவது வேகமாக இருக்கணும், கேஷ் நினைவகமும் பெரிசாக இருக்கணும். கேஷ் என்பது அடுப்புப் பக்கத்து அஞ்சறைப் பெட்டி. ரேம் என்பது தெருமுனைக் கடை. கடுகுக்கு ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓடினால் சமையல் எப்போ முடியும்?

இதனால்தான் கம்பெனிகள் தனித்தனியாகச் செய்து விற்கிறார்கள். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 9 9950எக்ஸ், 2024-ல் வந்தது. 16 கோர், ரெண்டரிங்குக்கு ராஜா. அதே வருஷம் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் 8 கோர்தான், ஆனால் 96 எம்பி கேஷ். கேமுக்கு ராஜா. 2025-ல் ரெண்டையும் சேர்த்து 9950எக்ஸ்3டி வந்தது. 16 கோர், 128 எம்பி கேஷ். ஆனால் அதில் கூடுதல் கேஷ் இருப்பது 8 கோர்கள் உள்ள ஒரு பாதியில் மட்டும். கேம் ஆடும்போது மற்றப் பாதியைப் பெரும்பாலும் ஓய்வாக வைத்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கின பாதி மூளை தூங்கும்!

"சரி, ரெண்டரிங்தானே சோறு போடுது, 16 கோரே வாங்கலாமே" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனால் இப்போ பல சாஃப்ட்வேர் ரெண்டரிங் வேலையை பிராசஸரிடம் கொடுப்பதே இல்லை, கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்குது. பிளெண்டர் என்று ஒரு சாஃப்ட்வேர், 2002-லிருந்து எல்லோருக்கும் திறந்த மென்பொருளாக இலவசம். அதில் கார்டை வைத்தே ரெண்டர் பண்ணலாம். 1995-ல் டாய் ஸ்டோரி படத்துக்கு 117 கம்ப்யூட்டர் இராப்பகலாக ஓடியது. 2024-ல் லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பாலோடிஸ் பிளெண்டரில் ஃப்ளோ என்ற பூனைப் படத்தை எடுத்தார். கடைசி ரெண்டரிங்கைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே முடித்தார். 2025-ல் அதற்கு ஆஸ்கர் விருது! கேம் ஆடவும் முக்கியமாக வேண்டியது அதே கிராபிக்ஸ் கார்டுதான். அப்போ ரெண்டுக்கும் பொதுவான பொருளில் காசு போடுவதுதானே புத்திசாலித்தனம்?

ஒன்று மட்டும் கவனிக்கணும். எல்லா சாஃப்ட்வேரும் அப்படி இல்லை. எலிவேஷன் வேலையில் லூமியன் கிராபிக்ஸ் கார்டில் ஓடும். கொரோனா என்ற ரெண்டரர் பிராசஸரில் ஓடும். நாள் முழுக்க கொரோனாவில் வேலை செய்து சம்பாதிக்கிறவங்களுக்கு 16 கோர் செலவு இல்லை, முதலீடு. அவங்களை நான் தடுக்கவில்லை. ஆகவே கடைக்குப் போகும் முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை கோர்?" இல்லை. "நீ எந்த சாஃப்ட்வேரில் வேலை செய்யப்போறே?" என்பதுதான்.

ஆசிரியர்களுக்காக ஒரு கணக்கு. ஜீன் ஆம்டால் என்ற விஞ்ஞானி 1967-ல் சொன்ன கருத்து இது. 10 மணி நேர வேலையில் 9 மணி நேர வேலையைப் பங்கு போடலாம், 1 மணி நேர வேலையை ஒருத்தர்தான் செய்ய முடியும் என்று வைப்போம். 8 பேர் செய்தால் 1 + 9/8, சுமார் 2 மணி 8 நிமிடம். 16 பேர் செய்தால் 1 + 9/16, சுமார் 1 மணி 34 நிமிடம். ஆள் இரண்டு மடங்கு, மிச்சமானது 34 நிமிடம்தான். உருவம் செய்வது, வண்ணம் மாற்றுவது, வெட்டி ஒட்டுவது என்று அண்ணன் உட்கார்ந்து செய்கிற வேலையில் பங்கு போட முடியாத பகுதி நிறைய உண்டு. அங்கே 16 கோரில் பாதி சும்மா இருக்கும்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் தகர வீட்டுக்குள்ள உட்கார முடியுமா? 9950எக்ஸ் முழு வேகத்தில் சுமார் 200 வாட் இழுக்கும். ஏறக்குறைய மூன்று சீலிங் ஃபேன் ஓடுகிற கரண்ட். அத்தனையும் சூடாக அறைக்குள்ளேயே இறங்கும். அதைக் குளிர வைக்கத் தனியாகப் பெரிய கூலர் வாங்கணும். 65 வாட் வகையான ரைசன் 7 7700 சுமார் 88 வாட்டோடு நின்றுவிடும், கூலரும் பெட்டியிலேயே வரும். இன்டெல் பிடித்தவர்களுக்கு கோர் ஐ5 14400 இருக்கு. 6 வேகக் கோர், 4 சிறு கோர்.

கரண்ட் போவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். 200 வாட் பிராசஸரும் 150 வாட் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தாலே 350 ஆகிவிடும். மானிட்டரையும் சேர்த்தால் யுபிஎஸ் கைவிரிச்சிடும். நடுத்தர பிராசஸர் என்றால் மானிட்டரோடு சேர்த்துத் தாங்கும். இன்னொரு யோசனை. ரெண்டர் பண்ணும்போது நேரடியாக வீடியோவாக எடுக்காமல் தனித்தனிப் படங்களாக எடுங்க. 900-வது படத்தில் கரண்ட் போனாலும் அந்தப் படத்திலிருந்தே தொடரலாம்.

பழைய கம்ப்யூட்டர் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "ஐ7 இருக்கு, ஐ7 இருக்கு" என்று ஸ்டிக்கரைக் காட்டுவார்கள். எந்தத் தலைமுறை என்று கேளுங்க. 2011-ல் வந்த ஐ7 2600-ஐ விட 2022-ல் வந்த ஐ3 12100 வேகம் கூட. ரெண்டுக்கும் 4 கோர்தான். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் சிலவற்றில் கோளாறு இருந்ததால் 2024-ல் கம்பெனியே வாரண்டியை 2 வருஷம் நீட்டியது. அவற்றை வாங்கினால் பயாஸைப் புதுப்பித்த பிறகே ஓட்ட வேண்டும். பேருக்கு மயங்கினால் பணம் போச்சு.

"படிக்கிற வீட்டில் கேம் எதுக்கு? அதுக்கு எதுக்கு இம்புட்டுக் காசு?" என்று பெரியவங்க கேட்கலாம். காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டை 2025-ல் சட்டமே தடை செய்துவிட்டது, நான் அதைச் சொல்லவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்தவன் ஒரு மணி நேரம் கேம் ஆடினால் என்ன தப்பு? நம்ம ஊரில் சாயங்காலம் ஹாக்கி ஆடுறவங்களை யாராவது திட்டுறோமா? அளவுதான் முக்கியம். மேலே சொன்ன கம்ப்யூட்டரில் கேமுக்கென்று தனியாகப் பெரிய செலவே இல்லை. தொழிலுக்கு வாங்கினதிலேயே அதுவும் ஓடும்.

கடைசியாக, எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு வந்தால் ஆண்கள்தான் பேசுகிறார்கள். அம்மா காசு மட்டும் கொடுக்கணும், தங்கச்சி தண்ணி கொண்டுவந்து கொடுக்கணும். இது சரியா? கட்டை அடுக்கின கைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் பங்கு இல்லையா? 16 கோருக்குக் காசு முழுவதையும் கொட்டினால், அது கட்டாயம் ஒருத்தனின் சம்பாத்தியப் பொருளாக மட்டும் ஆகிவிடும். "தொடாதே, ரெண்டர் ஓடுது" என்பான். நடுத்தரமாக வாங்கி, நல்ல ரேமும் யுபிஎஸ்ஸும் போட்டால், ராத்திரி ரெண்டர், சாயங்காலம் ஒரு மணி நேரம் தங்கச்சியின் பிளெண்டர் பயிற்சி, பிறகு கேம் என்று நேரம் பிரிக்கலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேறு ஏறிவிட்டது. பிராசஸரில் மிச்சம் பிடித்தால்தான் ரேமுக்குக் கைகொடுக்கும்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். கம்ப்யூட்டருக்கும் அதுதான். ஆகவே தோழிகளே, உங்க வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் அடுப்படியில் இருந்துவிடாதீங்க. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கிட்டு நடுவில் போய் உட்காருங்க. எந்த சாஃப்ட்வேர், எத்தனை வாட், எந்தத் தலைமுறை, யார் யாருக்கு எவ்வளவு நேரம் என்ற நான்கு கேள்வியையும் சத்தமாகக் கேளுங்க. பதில் வந்த பிறகு அம்மா பணத்தை எடுக்கட்டும்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி