காயமும் கைத்திறனும்

காயமுற்றுப் பல மாதங்கள் ஒதுங்கியிருந்த சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் மீண்டும் களத்தில் இறங்குகிறார். முதல் நாளில் அவருக்கு விக்கெட் விழவில்லை. அன்று மாலைக்குள் அவருடைய காலம் தீர்ந்துவிட்டதென ஜனங்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். விசாரணை இல்லை, சாட்சியம் இல்லை; தீர்ப்பு மாத்திரம் உண்டு. இவ்வழக்கம் நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம்.

சுழற்பந்து வீச்சு தேகபலத்தால் மட்டும் ஆவதன்று. விரல், மணிக்கட்டு, தோள், ஊன்றித் திரும்பும் பாதம் ஆகிய நான்கும் ஒரே கணத்தில் இசைந்தால்தான் பந்து சொன்னபடி கேட்கும். எலும்பு கூடும் நாளை வைத்தியர் குறித்துச் சொல்லலாம். இசைவு கூடும் நாளை அவராலும் சொல்ல இயலாது. காஞ்சிபுரத்தாருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கைவிரல் காயம் ஆறிக் குழித்தறியில் மறுபடி அமரும் நெசவாளிக்கு, முதல் சில நாட்கள் கோர்வை சரியாகப் பொருந்துவதில்லை. நாடா கைக்கு அந்நியமாகத் தோன்றும். காலின் மிதியும் கையின் வீச்சும் ஒன்றையொன்று தேடும். அதற்காக அவன் தொழிலை மறந்தான் என்று விவேகமுள்ள எவனும் கூறமாட்டான்.

பி. எஸ். சந்திரசேகரின் சரித்திரத்தை நோக்குவோம். மைசூரில் பிறந்த அவருக்கு இளம்பிராயத்திலேயே போலியோவால் வலக்கை சூம்பியது. அந்தக் கையாலேயே பந்து வீசி, 1964-ல் டெஸ்ட் அரங்கில் புகுந்தார். 1967-68 ஆஸ்திரேலியப் பயணத்தில் காயமுற்று இடையிலேயே தாயகம் திரும்பினார். பிறகு ஸ்கூட்டர் விபத்து வேறு. மூன்றரை ஆண்டுகள் தேசத்தின் அணியில் அவருக்கு இடமில்லை. 1971-ல் இங்கிலாந்து செல்லும் அணியில் அவரைச் சேர்த்தபோது, அது சூதாட்டமெனக் கருதியவர் பலர். முதல் இரண்டு பந்தயங்களும் வெற்றிதோல்வியின்றிக் கழிந்தன. அத்துடன் அவரை விலக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? மூன்றாவது பந்தயத்தில், ஓவல் மைதானத்தில், அவர் 38 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார்; இங்கிலாந்து 101 ரன்களில் சுருண்டது. ஆங்கிலேயர் மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும், முதல் தொடர் வெற்றியும் அந்தச் சூம்பிய கையினால் வந்தன.

நமது தமிழகத்து வருண் சக்கரவர்த்தியின் விருத்தாந்தமும் இதற்கு ஒத்ததே. முழங்கால் காயத்தால் வேகப்பந்தைக் கைவிட்டுச் சுழலுக்கு வந்தவர் அவர். 2020-ல் தோள் காயம் அவருடைய ஆஸ்திரேலியப் பயணத்தைத் தடுத்தது. 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் கிட்டாமல் அணியை விட்டு விலக்கப்பட்டார். மூன்றாண்டுகள் தமது வீச்சு முறையையே மாற்றிப் பயின்று, 2024-ல் திரும்பினார். 2025 மார்ச்சில் துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். காயத்திலிருந்து மீள்பவன் பழைய ஆட்டத்தைத் தேடி எடுத்து வருவதில்லை. புதிய ஆட்டத்தை உண்டாக்கிக்கொண்டு வருகிறான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இரக்கத்தின் பேரில் ஒருவனுக்கு அணியில் இடம் தானம் செய்ய வேண்டுமென நாம் கூறவில்லை. தேசத்தின் அணி தரும சத்திரமன்று. ஆயினும், பரீட்சை நியாயமாக இருத்தல் வேண்டும். பந்து விழும் இடம், அதன் சுழற்சி, நாள் முழுவதும் தளராத தோள் ஆகியவற்றைப் பாருங்கள். விக்கெட்டின் எண்ணிக்கையைப் பின்னர் பாருங்கள். சிறிய பந்தயங்களில் பல ஓவர்கள் வீசச்செய்து, அதன்பின் பெரிய களத்துக்கு அழையுங்கள்.

பேர்பெற்ற ஆட்டக்காரருக்கு வைத்தியரும் பயிற்சியாளரும் அருகிலேயே இருக்கிறார்கள். சிற்றூர் மைதானத்தில் தோள் பிசகிய நெசவாளி மகனுக்கு யார் இருக்கிறார்கள்? வலியை மறைத்துக்கொண்டே வீசுகிறான். அடுத்த பருவத்தில் அவன் பெயரே பட்டியலில் இராது. கிரிக்கெட்டில் குவியும் திரண்ட செல்வத்தில் சிறு பங்கேனும், ஜில்லாதோறும் இத்தகைய இளைஞருக்குச் சிகிச்சையாகவும், மறுவாய்ப்பாகவும் சேர வேண்டும். கிரிக்கெட் சங்கங்கள் இதைத் தம் கடமையாகக் கொள்ளுமாறு வற்புறுத்துகிறோம். அடுத்த சந்திரசேகர் எந்தத் தெருவில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருக்கிறானோ, யார் அறிவார்?