சிறு கிரகமும் நமது கலமும்

ராஜபாளையத்தில் நின்று மேற்கே நோக்கினால் மலை வழவழப்பான நீலச் சுவராகத் தோன்றும். கிட்டப் போனவனுக்கே பாறையும் பள்ளமும் தெரியும். செண்பகத்தோப்புக்குப் போய்வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகாயத்திலும் இதே கதைதான். பென்னு என்னும் சிறு கிரகத்தின் மேற்பரப்பு பெரும்பாலும் பொடிக் கற்களே என்று பூமியிலிருந்து பார்த்த சாஸ்திரிகள் கணித்தனர். 2018-ல் அமெரிக்கக் கலம் அருகே சென்றது. எங்கும் பெரும் பாறைகள்! கலம் கிரகத்தைத் தொடுமுன்னரே அதன் கருவிகள் வேலை செய்தன. லேசர் கதிர் மேடுபள்ளத்தை அளந்தது. நிறமாலைக் கருவியோ, பாறையிலிருந்து திரும்பும் அகச்சிவப்பு ஒளியில் எவ்வலைகள் குறைகின்றன என்று பார்த்து, களிமண் தாதுக்களில் நீர்க்கூறு பிணைந்திருப்பதைக் கண்டது.

இத்துறை நமக்கு அன்னியமன்று. 1861-ல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் போக்ஸன் துரை கண்ட சிறு கிரகத்தின் பெயரே 'ஆசியா'. 1988-ல் நமது ஐ.ஆர்.எஸ். 1-ஏ துணைக்கோள் நமது காடு கழனிகளை வானிலிருந்து பார்க்கத் தொடங்கிற்று. 2008-ல் நமது சந்திரயானில் சென்ற கருவி சந்திரனில் நீரின் அடையாளம் கண்டது. அக்கருவி அமெரிக்கருடையது என்பதை நாம் மறைப்பானேன்?

2029 ஏப்ரல் 13-ல் அபோபிஸ் என்னும் சிறு கிரகம் பூமிக்குச் சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து செல்லும். மோதாது, பயம் வேண்டாம். ஆனால் பூமியின் இழுப்பு அதை எவ்வாறு உலுக்குகிறதென்று கிட்ட இருந்து காண்பதற்கு இது அரிய சமயம். அமெரிக்கக் கலமொன்று இப்போதே அதை நாடிச் செல்கிறது. நமது கலம் எங்கே? சர்க்கார் பதில் சொல்லட்டும்.