மாட்டுக்கில்லாத வம்சாவளி

நம் நாட்டில் மனிதனுக்கு வம்சாவளி உண்டு. குலம், கோத்திரம், ஜாதகம் என்று ஏழு தலைமுறைக்குக் கணக்குச் சொல்லுவார்கள். இந்தக் கணக்கினால் ஒரு மரக்கால் நெல்லாவது அதிகம் விளைந்ததா என்றால் பதில் இல்லை. ஆனால் எந்த ஜீவனுக்குத் தாய் தகப்பன் பேரை எழுதி வைத்தால் குடியானவன் கையில் நாலு காசு சேருமோ, அந்த மாட்டுக்கு மாத்திரம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

வேலூருக்கு அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வாங்குகிறவன் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். பல் வயதைச் சொல்லுமாதலால் அது அறிவுள்ள காரியமே. அடுத்தபடி சுழி பார்க்கிறான்! ராஜ சுழி இருந்தால் குடும்பம் ஓங்குமாம். பாடைச் சுழி இருந்தால் வீட்டில் பிணம் விழுமாம். பிறகு தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலையை முடித்து விடுகிறார். இதன் தாய் எத்தனை படி கறந்தது, தகப்பன் எந்தக் காளை, கன்றாயிருந்தபோது எடை என்ன என்று கேட்பாருமில்லை. கேட்டாலும் சொல்ல ஏடுமில்லை. ராஜ சுழி மாட்டை வாங்கியவர்களெல்லாம் ராஜாக்களாகி விட்டார்களா என்பதையாவது யாராவது விசாரித்தார்களா?

சீமையில் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு 1822லேயே வம்சப் புத்தகம் அச்சிட்டார்கள். அது கிடக்கட்டும், நம் வீட்டு மாட்டின் கதையையே பார்ப்போம். முன்பு சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த நெல்லூர், ஓங்கோல் பக்கத்து மாடுகளைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே பிரேசில் தேசத்தார் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். 1960களிலும் வந்து நல்ல காளைகளாகப் பொறுக்கிப் போனார்கள். அவர்கள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்கவில்லை, தராசு வைத்தார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் தாய் தகப்பன் பேரும் எடையும் எழுதினார்கள். இன்று அந்நாட்டின் 20 கோடிக்கு மேற்பட்ட மாடுகளில் பெரும்பகுதி நம் நாட்டு ரத்தமே. 'நெலோர்' என்று நம் ஊர்ப் பெயரே அந்த இனத்துக்கு வழங்குகிறது. 2023ல் வியாட்டினா-19 என்ற நெலோர்ப் பசுவின் மூன்றிலொரு பங்கு ஏலத்தில் விற்றபோது, அந்தக் கணக்கில் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல், அதாவது நம் பணத்தில் 30 கோடி ரூபாய்க்கு மேல் ஆயிற்று. தெய்வம் என்று கும்பிட்ட நாட்டிலோ பசு குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் காகிதம் தின்கிறது.

நிற்க, மாட்டை வளர்ப்பவன் அதைக் கடைசியில் விற்கவும் முடிந்தால்தான் வளர்ப்பான். உழைத்து ஓய்ந்த எருதை விற்ற பணம்தான் அடுத்த கன்றுக்கு முதல். கலப்பின ஜெர்சிப் பசு காளைக்கன்று போட்டால், அது திமிலில்லாததால் நுகத்தடிக்கும் ஏற்றதல்ல. அதை வைத்துக்கொண்டு ஏழை என்ன செய்வான்? 1958ம் வருஷத்துச் சென்னைச் சட்டமும் பத்து வயது கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை அத்தாட்சி பெற்று அறுக்க இடம் கொடுத்தது. ஆனால் 2017 மே மாதத்தில் டில்லி சர்க்கார், அறுப்புக்கென்று சந்தையில் மாடு விற்கவே கூடாது, வாங்கியவன் ஆறு மாதத்துக்குள் மறுபடி விற்கக்கூடாது, மாகாண எல்லைக்கு 25 கிலோமீட்டருக்குள் சந்தையே கூடாது என்று விதி போட்டது. ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் பேரணாம்பட்டு, குடியாத்தம் குடியானவன் கதி என்ன? நல்ல வேளையாக அந்த மாதமே மதுரை ஐக்கோர்ட்டுக் கிளை தடை போட்டது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அத்தடையை நாடு முழுமைக்கும் ஆக்கிற்று. இல்லாவிடில் பசுவைக் காப்பாற்றுகிறோமென்று பசு வளர்ப்பையே ஒழித்திருப்பார்கள்.

தவிர, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் செருப்பாகவும் பூட்ஸாகவும் கடல் கடந்து போகிறது. அந்த அன்னியச் செலாவணிக்குத் தீட்டு இல்லை. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கோவில் வாசல் மட்டும் போகலாம். ஆனால் செத்த மாட்டை உரித்தவன் மாத்திரம் கீழ்ஜாதி! 2016ல் குஜராத் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். தோலுக்குத் தீட்டில்லை, தோலில் வரும் பணத்துக்குத் தீட்டில்லை, கத்தி பிடித்த கைக்கு மட்டும் தீட்டென்றால் இதில் பசுவின்மீதுள்ள அன்பு எங்கே இருக்கிறது? ஜாதித் திமிரல்லாமல் வேறு என்ன?

இந்தக் கணக்கு நம் பக்கத்திலும் இல்லாமலில்லை. 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் ஜில்லா நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்து, கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் வைத்து, மாட்டிறைச்சிப் பிரியாணியை மாத்திரம் வெளியே நிறுத்தியது. தோல் ஷாப்புத் தொழிலாளிகள் காசுக்கேற்ற வயிறு நிறையச் சாப்பிடும் பிரியாணி அது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடல்லவா என்று விளக்கம் கேட்டது. உடனே மழை வரும்போலிருக்கிறதென்று சொல்லித் திருவிழாவையே ஒத்திவைத்தார்கள். வானத்துக்கும் ஜாதி தெரியும்போலும்!

ஆகவே நம் ஜில்லா அதிகாரிகளை நாம் கேட்பது அதிகமல்ல. பொய்கைச் சந்தையில் ஒரு எடை மேடை. சினை ஊசி போடும் ஒவ்வொரு மாட்டு ஆஸ்பத்திரியிலும் காளையின் விவரத்தையும் பிறந்த கன்றின் எடையையும் எழுதி உடையவன் கையில் கொடுக்க ஒரு புத்தகம். விற்ற மாட்டை ஏற்றிப்போகிறவனை வழிமறித்து அடிப்பவனுக்குச் சிறை. இம்மூன்றில் எது சாஸ்திர விரோதம் என்பதை ஆட்சேபிப்பவர்கள் முன்வந்து சொல்லட்டும்.